மோர்ஸ்: எழுத்தை இழுக்காதீர்கள், இடைவெளியை இழுங்கள்

புள்ளி, கோடு ஒலிகளால் செய்தி அனுப்பும் மோர்ஸ் குறியீட்டின் அட்டவணையை அச்சடித்துச் சுவரில் ஒட்டி வைத்திருந்தால் முதலில் அதைக் கழற்றிவிடுங்கள். புள்ளி, கோடு என்று கண்ணால் மனப்பாடம் செய்தவருக்கு ஒவ்வொரு எழுத்துக்கும் மூன்று வேலை. கேட்டதை எண்ண வேண்டும், எண்ணியதைப் புள்ளி கோடாக மாற்ற வேண்டும், பிறகு மனதில் இருக்கும் அட்டவணையில் தேட வேண்டும். நிமிடத்துக்கு 5 சொல் வேகத்தில் இதெல்லாம் நடக்கும். 10 சொல்லை நெருங்கும்போது நேரம் போதாது. மாதக்கணக்கில் பயிற்சி செய்தும் அந்த இடத்திலேயே நின்றுபோகிறவர்கள் அதிகம். அவர்களிடம் திறமைக்குக் குறைவில்லை, கற்ற வழிதான் தப்பு.

தந்தியின் தொடக்கக் காலத்திலேயே இது தெரிந்துபோன விஷயம். மோர்ஸின் கருவி, காகித நாடாவில் குறிகளைப் பதித்துக் கண்ணால் படிப்பதற்காகச் செய்யப்பட்டது. தந்தி ஆட்களோ கருவி போடும் சத்தத்தைக் கேட்டே செய்தியை எழுத ஆரம்பித்துவிட்டார்கள். நாடாவுக்கு வேலை இல்லாமல் போனது.

ஆகவே ‘கே’ என்ற எழுத்தைக் ‘கோடு புள்ளி கோடு’ என்று மனதில் வைக்காதீர்கள். அது ‘டா-டி-டா’. கோட்டின் ஒலி டா; புள்ளியின் ஒலி டி, எழுத்தின் கடைசியில் வந்தால் டிட். ‘ஆர்’ என்றால் ‘டி-டா-டிட்’. வாயால் சொல்லிப் பழகுங்கள். போனில் ஒரே ஒரு ‘ஹலோ’வில் ஆள் யாரென்று தெரிந்துவிடுகிறதே, எழுத்தும் அப்படித்தான் காதில் விழ வேண்டும்.

அளவுகள் மிக எளிமையானவை. டிட் ஓர் அலகு, டா மூன்று அலகு. ஓர் எழுத்துக்குள் இருக்கும் ஒலிகளுக்கு நடுவே ஓர் அலகு மௌனம், எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே மூன்று, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஏழு. நமக்குக் குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு மாத்திரை என்று பழக்கம். அந்தப் பழக்கத்தில் டாவை இரண்டு அலகிலேயே முடித்துவிடக் கூடாது. முழுசாக மூன்று. வேகத்தை அளக்க ‘பாரிஸ்’ என்ற ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை வைத்துக்கொள்கிறார்கள். கடைசியில் வரும் சொல் இடைவெளியையும் சேர்த்தால் அது சரியாக 50 அலகு. 1200-ஐ வேகத்தால் வகுத்தால் ஒரு டிட் எத்தனை மில்லிசெகண்ட் என்று வந்துவிடும். 12 சொல் வேகத்தில் 100, 20 சொல் வேகத்தில் 60.

எண்ணிப் படிக்க முடியாததன் காரணமும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. 20 சொல் வேகத்தில் ‘எச்’ (நான்கு டிட்) 420 மில்லிசெகண்டில் முடிகிறது. எண் 5 (ஐந்து டிட்) 540-இல் முடிகிறது. வித்தியாசம் 120 மில்லிசெகண்ட்தான். அதற்குள் நான்கா ஐந்தா என்று எண்ணி முடிக்க முடியாது. ஆனால் இரண்டின் நீளமும் வேறு என்பதைக் காது எண்ணாமலே பிடித்துக்கொள்ளும். அதற்கு எழுத்து முதல் நாளிலிருந்தே முழு வேகத்தில் காதில் விழ வேண்டும். 5 சொல் வேகத்து ‘எச்’சும் 20 சொல் வேகத்து ‘எச்’சும் காதுக்கு வேறு வேறு பொருள். மெதுவாகக் கற்றால் பிறகு எல்லா எழுத்தையும் மறுபடி கற்க வேண்டியிருக்கும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு, இரண்டையும் சேர்த்தே பயன்படுத்தலாம். ஒன்று, 1930-களில் ஜெர்மனியில் லுட்விக் கோக் வகுத்த முறை. இரண்டே எழுத்துகளில், முழு வேகத்தில் தொடங்க வேண்டும். பெரும்பாலான பயிற்சி மென்பொருள்களில் ‘கே’யும் ‘எம்’மும். ஐந்தைந்து எழுத்தாகக் கலைந்து வருவதைத் தாளில் எழுதிச் சரிபார்க்கிறீர்கள். 90 சதவீதம் சரியாக வந்தால் இன்னொரு எழுத்தைச் சேர்க்கிறீர்கள். வரவில்லையென்றால் அதே பாடம் மறுபடி. 89-க்குத் தாராளம் காட்ட வேண்டாம், அந்தக் குறை பத்தாவது எழுத்தில் வட்டியோடு திரும்பி வரும்.

இன்னொன்று ஃபார்ன்ஸ்வொர்த் முறை. எழுத்தின் வேகம் 20-இலேயே இருக்கும், எழுத்துகளுக்கு நடுவே இருக்கும் மௌனம் மட்டும் நீளும். எழுத்து 20, மொத்த வேகம் 8 என்று வைத்தால் எழுத்து இடைவெளி 0.18 விநாடியிலிருந்து சுமார் 0.89 விநாடி ஆகும், சொல் இடைவெளி 0.42-இலிருந்து சுமார் 2.1 விநாடி. கேட்டதை எழுதி முடிக்க இது தாராளம். ஆபத்தும் இதில்தான். கிட்டத்தட்ட ஒரு விநாடி மௌனம் கிடைத்தால் மனம் ஒலியைத் திரும்ப ஓட்டிப் பார்த்து டிட்டை எண்ணத் தொடங்கிவிடும். ஆகவே 8-இல் அதிக நாள் உட்காராதீர்கள். பதினைந்து எழுத்து வந்ததும் மொத்த வேகத்தை 12-க்கு ஏற்றுங்கள். இடைவெளி அரை விநாடிக்கு இறங்கும், எண்ணும் பழக்கம் தானாக அறுந்துபோகும்.

ஒரு நாளைக்கு 15 நிமிடமாக இரண்டு முறை போதும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்ந்து மற்ற நாள்களில் தொடாமல் இருப்பதால் பெரிய பலன் இல்லை.

ஓர் எழுத்து தவறினால் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுங்கள். ‘அது என்ன’ என்று யோசிக்கிற நேரத்தில் அடுத்த மூன்று எழுத்தும் போய்விடும். விட்டுக்கொடுக்கத் தெரிவதும் இந்தக் கலையில் பாதி. குழம்புகிற ஜோடிகளை மட்டும் தனியாக எடுத்துக் கேளுங்கள்: ‘பி’யும் (டா-டி-டி-டிட்) 6-உம், ‘வி’யும் 4-உம், ‘எல்’லும் ‘எஃப்’பும், ‘கியூ’வும் ‘ஒய்’யும், ‘ஜே’யும் 1-உம். இரண்டு எழுத்தை மட்டும் கலந்து ஐந்து நிமிடம் ஓடவிட்டால் தெளியும்.

அனுப்பும் பயிற்சிக்கு அவசரமில்லை. பாதி எழுத்துகள் காதில் பதிந்த பிறகு கீயை (அழுத்தினால் ஒலி எழுப்பும் சுவிட்ச்) தொடுங்கள். சரியான ஒலி மனதில் இல்லாத கை தப்பான தாளத்தைப் பழகிவிடும், பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு.

பயிற்சி ஒலிக்கு எட்டுக் கால் கொண்ட ஒரு 555 டைமர் ஐ.சி. போதும். 9 வோல்ட் பேட்டரியின் பிளஸ் 8-ஆம் காலுக்கு, மைனஸ் 1-ஆம் காலுக்கு. 8-க்கும் 7-க்கும் நடுவே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், 7-க்கும் 6-க்கும் நடுவே 100 கிலோ ஓம். 6-ஐயும் 2-ஐயும் இணைத்து, அங்கிருந்து மைனஸுக்கு 0.01 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். 3-ஆம் காலிலிருந்து 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் (பிளஸ் முனை ஐ.சி. பக்கம்), 100 ஓம் ரெசிஸ்டர் வழியாகச் சின்ன ஸ்பீக்கருக்கு; ஸ்பீக்கரின் மறுமுனை மைனஸில். சுமார் 690 ஹெர்ட்ஸ் ஒலி வரும். கீயை 8-க்கும் 4-க்கும் நடுவே போடுங்கள், 4-லிருந்து மைனஸுக்கு 10 கிலோ ஓம் கட்டாயம் வேண்டும். அதை விட்டால் 4-ஆம் கால் அந்தரத்தில் தொங்கி, கீயை எடுத்த பிறகும் ஒலி நிற்காமல் தொந்தரவு செய்யும்.

ஸ்ட்ரெயிட் கீயில் (மேலிருந்து கீழே அழுத்தும் சாதாரண கீ) முதலில் சரிசெய்ய வேண்டியது தொடுமுனை இடைவெளி. ஓர் அஞ்சலட்டை நுழையும் அளவு போதும். ஸ்பிரிங், விரலின் எடைக்கே கீ மூடாத அளவு இறுக்கம். முன்கை மேசையில் படிந்திருக்க வேண்டும், அசைவு மணிக்கட்டிலிருந்து வர வேண்டும். விரல் நுனியால் தட்டினால் பத்து நிமிடத்தில் கை இறுகி, டாக்கள் குட்டையாகிவிடும்.

பேடிலும் (இரண்டு பக்கமும் அழுத்தும் கீ) கீயரும் (டிட், டாவைத் தானே எழுப்பும் கருவி) வைத்திருப்பவர்களுக்கு வேறொரு சிக்கல். இரண்டு பக்கத்தையும் சேர்த்து அழுத்தினால் டாவும் டிட்டும் மாறி மாறி வரும். விடும்போது என்ன நடக்கிறது என்பதில்தான் ‘மோட் ஏ’வும் ‘மோட் பி’யும் வேறுபடுகின்றன. ஏ-யில் ஓடிக்கொண்டிருக்கிற ஒலியோடு நின்றுவிடும். பி-யில் எதிர் ஒலி இன்னொன்று கூடுதலாக வரும். ‘சி’ அனுப்புவதைப் பாருங்கள்: டா-டி-டா-டிட். பி-யில் பழகியவர் இரண்டாவது டா ஓடும்போதே விட்டுவிடுவார், கடைசி டிட்டைக் கருவி சேர்த்துக்கொள்ளும். அதே கை ஏ-யில் இருக்கும் ரேடியோவில் அமர்ந்தால் ‘சி’ எல்லாம் ‘கே’ ஆகிவிடும். கை கெட்டுவிட்டது என்று நினைக்காமல் மெனுவைப் பாருங்கள்.

அனுப்பியதைப் பதிவு செய்து மறுநாள் கேட்டு எழுதிப் பாருங்கள். அன்றே கேட்டால் நினைவிலிருந்து எழுதிவிடுவீர்கள். பெரும்பாலும் டிட், டா சரியாகவே இருக்கும், இடைவெளிதான் கெட்டிருக்கும். ‘ஏ’ என்றால் டி-டா, ‘என்’ என்றால் டா-டிட். இரண்டையும் ஒட்டி அனுப்பினால் டி-டா-டா-டிட், அது ‘பி’. ஆங்கிலத்தில் ‘பேனா’வுக்கு முதலில் வரும் அந்த ‘பி’. கேட்பவரின் தாளில் இரண்டு எழுத்துக்குப் பதிலாக இன்னொன்று விழுந்திருக்கும்.

2003-இல் நடந்த உலக வானொலி மாநாடு, அமெச்சூர் வானொலியின் சிற்றலை உரிமத்துக்கு மோர்ஸ் கட்டாயம் என்பதை நீக்கியது. முடிவை ஒவ்வொரு நாட்டுக்கும் விட்டுவிட்டது. பின்னும் மக்கள் இதை விரும்பிக் கற்பதற்குக் காரணம் உண்டு. குரலில் பேசச் சுமார் 2,400 ஹெர்ட்ஸ் அகலம் வேண்டும், மோர்ஸுக்கு 150 போதும். 5 வாட் சக்தியும் ஒரு கம்பி ஆன்டெனாவும் வைத்துக்கொண்டு கண்டம் தாண்டிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள்.

முதல் தொடர்புக்கு 7.030 அல்லது 14.060 மெகாஹெர்ட்ஸ் பக்கம் கேட்டுப் பாருங்கள். குறைந்த சக்தியில் பேசுபவர்கள் கூடும் இடம். ஃபில்டரை 500 ஹெர்ட்ஸில் வையுங்கள். மிகக் குறுகலாக வைத்தால் ஒலி மணி போல இழுபடும், எதிராளி சற்று விலகினாலும் காணாமல் போவார். அழைக்கும் முன் ‘கியூ.ஆர்.எல்.’ என்று கேள்விக்குறியோடு அனுப்பி, அலைவரிசை காலியா என்று கேளுங்கள். உங்கள் அழைப்புக்குறி, பெயர், ஊர், எதிராளியின் ஒலி எப்படிக் கேட்கிறது என்று சொல்லும் 599 என்ற மதிப்பீடு ஆகியவற்றை ஒரு தாளில் முன்பே எழுதி எதிரே வைத்துக்கொள்ளுங்கள். பதட்டத்தில் சொந்தப் பெயரே மறக்கும். 599-ஐப் பலர் 9-க்குப் பதில் ‘என்’ போட்டு ‘5 என் என்’ என்று சுருக்கி அனுப்புவார்கள், இதை முன்பே கேட்டுப் பழகியிருந்தால் தடுமாற்றம் வராது.

நீங்கள் கேட்க முடிந்த வேகத்தில்தான் அழையுங்கள். 18-இல் அழைத்தால் பதிலும் 18-இல் வரும். அப்படியும் வேகம் கூடிவிட்டால் ‘கியூ.ஆர்.எஸ்.’ (மெதுவாக அனுப்புங்கள்) என்று மூன்றே எழுத்து அனுப்புங்கள். மறுமுனையில் இருப்பவரும் ஒரு காலத்தில் அதைக் கேட்டவர்தான், குறைத்துவிடுவார். நடுவில் தப்பாக அனுப்பிவிட்டால் எட்டு டிட், பிறகு அந்தச் சொல்லின் தொடக்கத்திலிருந்து மறுபடி.