இணையத்தில் சட்டம், நூலகத்தில் அதன் காவல்

சட்டங்களையும் தீர்ப்புகளையும் அரசு இணையத்தில் ஏற்றிவிட்டாலே வெளிப்படைத்தன்மை வந்துவிட்டதாக நாம் எளிதில் நம்பிவிடுகிறோம். ஏற்றிய கோப்பு அடுத்த ஆண்டும் அதே முகவரியில் இருக்குமா, இடையில் யாரும் ஒரு வரியையும் மாற்றவில்லை என்பதற்கு என்ன உறுதி என்று விடாமல் கேட்பவர்களில் சட்ட நூலகர்கள் முக்கியமானவர்கள்.

அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் மேற்கோள் காட்டிய இணைய இணைப்புகளில் ஏறத்தாழப் பாதி, முதலில் சுட்டிய தகவலுக்கு இட்டுச் செல்வதில்லை என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2013இல் கண்டறிந்தனர். தீர்ப்பு இருக்கிறது, அதன் ஆதாரத்தைக் காணோம். இதற்கு மாற்றாக ஹார்வர்டு சட்டப் பள்ளி நூலகம் உருவாக்கிய பெர்மா.சிசி என்னும் இணையச் சேவை, மேற்கோளாகும் பக்கத்தின் நகலை அப்போதே எடுத்து மாறாத முகவரியொன்றில் வைக்கிறது. அதே நூலகம் தன்னிடமிருந்த தீர்ப்புத் தொகுதிகளின் முதுகை வெட்டிப் பிரித்து, ஏறத்தாழ 4 கோடிப் பக்கங்களை ஸ்கேன் செய்து, 2018இல் இணையத்தில் வெளியிட்டது. புத்தகத்தை வெட்டுவது எந்த நூலகருக்கும் உவப்பான வேலையல்ல; ஆனாலும், பொதுப்பணத்தில் எழுதப்பட்ட தீர்ப்புகள் கட்டணத்துக்குப் பின்னால் அடைபட்டுக் கிடப்பதைவிட அது எவ்வளவோ மேல் என்பேன்.

பழைய வடிவங்களைக் காப்பதும் இதே அளவு முக்கியம். சட்டம் திருத்தப்பட்டதும் பல தளங்கள் புதிய வடிவத்தை மட்டுமே காட்டுகின்றன. ஆனால் பத்தாண்டுகளுக்கு முன் நடந்த செயலைப் பற்றிய வழக்குக்கு, அன்று நடைமுறையிலிருந்த வாசகமே தேவைப்படும். மின்வடிவத்தை மட்டுமே அதிகாரப்பூர்வமாக வெளியிடும் மாநிலம், அதன் உண்மைத்தன்மையைச் சரிபார்க்கவும், அதைப் பாதுகாக்கவும், மக்கள் நிரந்தரமாகப் பெறவும் வழிசெய்ய வேண்டும் என்று 2011இல் அமெரிக்காவில் மாதிரிச் சட்டமொன்று வகுக்கப்பட்டதில் சட்ட நூலகர் சங்கத்தின் வலியுறுத்தலுக்குப் பெரும் பங்குண்டு.