சூலக்கல்லில் ஒரு பிறை

இன்று மாலை கண்மாய்க் கரையில் நிற்கும் சூலக்கல்லின் (கோயிலுக்குக் கொடையாக விட்ட நிலத்தின் எல்லையைக் காட்ட நடும் கல்) முன் வெகுநேரம் அமர்ந்திருந்தேன்.

நடுவில் திரிசூலம். ஒரு பக்கம் வட்டச் சூரியன், மறுபக்கம் படகைப் போல மல்லாந்து கிடக்கும் பிறை.

நம் ஊர் மேற்கு வானில் மூன்றாம் பிறை பெரும்பாலும் அப்படித்தான் படுத்திருக்கும். கண்ணால் கண்டதையே அந்தச் சிற்பி செதுக்கியிருக்கிறார்.

இதைச் சோதிடக் குறி என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நிலவும் கதிரவனும் உள்ளவரை இக்கொடை நிலைக்க வேண்டும் என்று சோழர் காலக் கல்வெட்டுகள் ‘சந்திராதித்தவற்’ என எழுதிவைத்ததை, எழுத்தறியாதவரும் படிக்கும்படி உருவமாக்கியதே இது என்று நினைக்கிறேன்.

பாபிலோனிய மன்னர் மெலி-ஷிபாக் தம் மகளுக்கு நிலம் அளித்ததைக் குறிக்கும் கி.மு. 12ஆம் நூற்றாண்டுக் கல் ஒன்று பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் உச்சியிலும் பிறை, சூரியன், வெள்ளி மூன்றும் உண்டு; அங்கே அவை சின், ஷமாஷ், இஷ்டார் என்னும் தெய்வங்கள், கொடைக்குச் சாட்சிகள்.

அவ்வகைக் கற்களில் வரும் ஆட்டுத்தலை மீனும் சோதிடக் குறி அல்ல, ஏயா என்ற நீர்த்தெய்வத்தின் அடையாளம். வானம் 12 சம பாகங்களாகப் பிரிக்கப்பட்டது ஏறத்தாழ கி.மு. 5ஆம் நூற்றாண்டில், அந்த மீன் மகர ராசியானது அதற்குப் பிறகுதான்.