ஹைலக்ஸுக்கு ஹெட்லைட் மாற்றிய கதை

என்னிடம் இருப்பது 2007 மாடல் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குத் தெற்கே பிரொஸ்பெக்டன் ஆலையில் செய்த வண்டி. நாங்கள் இருப்பது சாட்ஸ்வர்த்தில் என்பதால், பிறந்த வீட்டுக்குப் பக்கத்துத் தெருவிலேயே வாக்கப்பட்ட பெண் மாதிரிதான் அது. இஞ்சின், கியர், பிரேக் எதிலும் குறை இல்லை. ஹெட்லைட் மட்டும் மஞ்சள் பூத்து, டிம் போட்டால் போட்டதே தெரியாத நிலைக்கு வந்துவிட்டது. மாமியார் வீடு போர்ட் ஷெப்ஸ்டனில். இரவில் என்2 நெடுஞ்சாலையை விட்டுக் கரும்புக் காட்டுச் சாலைக்குள் திரும்பினால் ஓரத்தில் நடந்து போகிறவர், சாலையில் படுத்திருக்கும் மாடு எதுவும் பக்கத்தில் போகும் வரை கண்ணில் படாது.

முதலில் பழையதையே தேய்த்துப் பார்த்தேன். இந்த லென்ஸ் கண்ணாடி அல்ல, பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். அதன் மேல் வெயிலைத் தாங்க ஒரு மெல்லிய பூச்சு உண்டு. புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு அந்தப் பூச்சு தேய்ந்ததும் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் மஞ்சளாகிறது. 800, 1500, 2000, 3000 என்று வரிசையாக ஈர உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பாலிஷ் செய்து, புற ஊதா தாங்கும் கிளியர் கோட் அடித்தேன். வெளியே பளிங்கு மாதிரி ஆனது. வெளிச்சம் மட்டும் பெரிதாகக் கூடவில்லை. டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் காரணம் தெரிந்தது. பல்பின் ஒளியை முன்னால் திருப்பும் ரிஃப்ளெக்டரில் இருந்த அலுமினியப் பூச்சு பல்பைச் சுற்றிக் கருகி, ஓரத்தில் உரிந்திருந்தது. அதைத் தேய்த்துச் சரிசெய்ய வழியில்லை. புது ஜோடி வாங்கியே ஆக வேண்டும்.

கம்பெனி டீலரிடம் விலை கேட்டேன். அவர்கள் ஒரு விளக்குக்குச் சொன்ன விலைக்கு, டர்பனில் ஓர் உதிரி பாகக் கடையில் ஜோடியே கிடைத்தது, கையில் மிச்சமும் இருந்தது. பெட்டியில் தயாரிப்பாளர் பெயர் இல்லை, வண்டி மாடலும் இடது வலது என்றும் மட்டும் அச்சிட்டிருந்தது. பில்லின் பின்பக்கம் பொடி எழுத்தில் இரண்டு வரி: மின்சாரப் பொருட்களைத் திரும்பப் பெற மாட்டோம், பொருத்திய பிறகு வாரன்டி கிடையாது. கவுன்டரில் இருந்த பையனோ, "மூணு மாசம் வாரன்டி" என்று வாய் நிறையச் சொன்னான். பொருத்தாமல் ஹெட்லைட்டை எப்படிச் சோதிப்பது என்று அவனிடம் கேட்டால் பதில் வரப்போவதில்லை, கேட்கவில்லை.

பக்கத்து வீட்டு மாமா ஓய்வு பெற்ற ஆட்டோ எலக்ட்ரீஷியன். பெட்டியைப் பிரித்ததும் அவர் பளபளப்பைப் பார்க்கவே இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லென்ஸின் கீழ் ஓரத்தில் இருந்த எழுத்துகளைத் தேடினார்.

"தம்பி, இங்க பாருங்க. வட்டத்துக்குள்ள ஈ இருக்கு. பக்கத்துல நம்பர் எங்கே?"

"நம்பர் இல்லைன்னா என்ன மாமா?"

"சர்டிபிகேட் இல்லாத டாக்டர்."

விஷயம் இதுதான். ஐ.நா. வாகன விதிகளின்படி ஒப்புதல் பெற்ற விளக்கில், வட்டத்துக்குள் ஆங்கில ஈ எழுத்தும் ஒப்புதல் கொடுத்த நாட்டின் எண்ணும் இருக்கும். 1 என்றால் ஜெர்மனி, 4 நெதர்லாந்து, 11 பிரிட்டன், 47 நம் தென்னாப்பிரிக்கா. அருகிலேயே ஒப்புதல் எண் இருக்கும். எச்சிஆர் என்று இருந்தால் ஹாலோஜன், டிம்மும் பிரைட்டும் சேர்ந்தது. பிஎல் என்றால் பிளாஸ்டிக் லென்ஸ். எண் இல்லாத வெறும் ஈ என்பது அலங்காரம்தான்.

இன்னொன்று அம்புக்குறி. டிம் வெளிச்சம் நேர்கோடாக வெட்டப்பட்டு, ஓரத்துப் பக்கம் மட்டும் மேலே ஏறும். எதிரே வருபவர் கண் கூசக்கூடாது, ஆனால் நடைபாதையும் பலகையும் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம், ஆகவே இடப்பக்கம் ஏற வேண்டும். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கு நேர் எதிர். இடப்பக்கச் சாலைக்கு மட்டுமான விளக்கில் ஓர் அம்பு இருக்கும். விளக்குக்கு எதிரே நின்று பார்த்தால் அது நம் வலக்கைப் பக்கம் காட்டும். இரண்டு பக்கமும் காட்டினால் இரண்டுக்கும் மாற்றிக்கொள்ளலாம். அம்பே இல்லையென்றால் வலப்பக்கச் சாலைக்கு உரியது. ஹைலக்ஸ் உலகம் முழுக்க ஓடும் வண்டி, வெளி உருவம் ஒன்றுதான். ஒரே தோற்றத்தில் தவறான நாட்டு விளக்கு பெட்டிக்குள் வந்து உட்கார்ந்துகொள்வது அதனால் சுலபம். என் ஜோடியில் அம்பு இல்லை.

எழுத்து மட்டும்தான் விட்டுப்போயிருக்கும், வெளிச்சம் சரியாக இருக்கலாம் என்று பொருத்தினேன். கிரில்லைக் கழற்றி, பழையதை எடுத்து, புதியதை வைத்தால் வலப்பக்க விளக்கில் ஸ்குரூ போடும் காதுகளில் ஒன்று வண்டியில் உள்ள ஓட்டையோடு சேரவில்லை, சில மில்லிமீட்டர் தள்ளி நின்றது. அரத்தால் ராவினால் சேர்ந்துவிடும். மாமா அரத்தைக் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டார். ராவிய பிறகு அது நம்முடைய பொருள், கடைக்காரர் தொடமாட்டார் என்றார். இருக்கிற ஸ்குரூக்களில் மட்டும் நிறுத்தினோம். பல்பும் பழைய எச்4 பல்பேதான், ஒரே பல்பில் பிரைட்டுக்கு 60 வாட் இழை, டிம்முக்கு 55 வாட் இழை. எல்இடி பல்ப் எதுவும் போடவில்லை. அதைப் போட்டுவிட்டு எதிரே வருபவரைக் குருடாக்குகிறவர்கள் என்2 முழுக்க இருக்கிறார்கள், அது தனிப் புலம்பல்.

சுவர்ச் சோதனை. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சுவரிலிருந்து 10 மீட்டர். விளக்கின் நடுவின் உயரத்தைச் சுவரில் டேப் ஒட்டிக் குறித்து, அதற்கு 10 செ.மீ. கீழே இன்னொரு டேப். டிம்மின் வெட்டுக்கோடு இந்தக் கீழ் டேப்பில் உட்கார வேண்டும், அதாவது 1% இறக்கம். ஹைலக்ஸ் உயரமான வண்டி, இன்னும் கொஞ்சம் இறக்கினாலும் தப்பில்லை. பின்னால் சுமை ஏற்றினால் மூக்கு தூக்கிக்கொள்ளும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். டயரில் காற்று சரியாக இருக்கட்டும்.

பழைய விளக்கில் எவ்வளவு மங்கலாக இருந்தாலும் கோடு கோடாகத்தான் விழுந்தது. புதியதில் வெட்டுக்கோடு என்ற ஒன்றே ஒழுங்காக இல்லை, பால் கொட்டிய மாதிரி பரவியது. அதிலும் தெரிந்த மட்டில் ஏற்றம் வலப்பக்கம் போனது, எதிரே வருகிற வண்டியின் கண்ணாடிக்கு நேராக. எச்4 பல்பில் டிம் இழைக்கு அடியில் ஒரு சிறு உலோகக் கிண்ணம் உண்டு. கீழ்நோக்கிப் போகும் ஒளியை அது மறைக்கும். அந்தக் கிண்ணத்தின் விளிம்புதான் சுவரில் கோடாக விழுகிறது. பல்ப் உட்காரும் வளையம் கொஞ்சம் சாய்ந்தாலும், ரிஃப்ளெக்டரின் முகப்புகள் அச்சில் கொஞ்சம் மழுங்கினாலும் கோடு கலைந்துவிடும். சரிசெய்யும் ஸ்குரூவைத் திருப்பினால் மொத்த வெளிச்சமும் ஏறும் இறங்கும். வலப்பக்க ஏற்றத்தை இடப்பக்கம் கொண்டுவர எந்த ஸ்குரூவும் கிடையாது.

ஒயரிங்கில் குற்றமா என்றும் பார்த்தேன். இஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 14.1 வோல்ட், விளக்கு பிளக்கில் 13.2. இழப்பு இருக்கிறது. ஹாலோஜன் பல்பில் மின்னழுத்தம் 5% குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 16% குறையும், ஆகவே இது சின்ன விஷயமில்லை. ஆனால் அதே பிளக்கில், அதே பல்பைப் பழைய விளக்கில் போட்டுக் காட்டினால் கோடு நேராக விழுகிறது. கடைக்காரரிடம் பேச இந்த ஒப்பீடு மிகவும் உதவியது. இரண்டையும் ஒரே சுவரில், ஒரே டேப்போடு, மொபைலில் படம் எடுத்து வைத்தேன்.

வார இறுதியில் கடை மூடியிருந்தது. அதற்குள் டர்பன் கோடை மழை ஒன்று கொட்டியது. காலையில் இடப்பக்க விளக்குக்குள் தண்ணீர் குளமாக நின்றது. ஹெட்லைட் முழுக்க மூடப்பட்ட பெட்டி இல்லை, சூடு ஏறி இறங்கும்போது மூச்சு விட அதில் துளைகள் உண்டு. குளிர்ந்த காலையில் ஓரத்தில் மெல்லிய பனி படிந்து, விளக்கைப் போட்டதும் கலைந்தால் கவலை வேண்டாம். சொட்டுச் சொட்டாக வழிந்து அடியில் தேங்கினால் லென்ஸுக்கும் உடலுக்கும் நடுவில் இருக்கும் பசை விட்டிருக்கிறது, அல்லது மூச்சுத் துளைக்கு மூடி இல்லை. இதில் லென்ஸ் ஓரத்தில் விரல் நீளத்துக்குப் பசையே இல்லை.

கடையில் முதலில் சொன்னது, "எல்லாமே அப்படித்தான், ஸ்குரூ திருப்புங்கள்." அப்புறம், "பொருத்திவிட்டீர்களே." தண்ணீரைக் காட்டியதும் இடப்பக்க விளக்கை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் மாற்றிக் கொடுத்ததில் அம்பு இருக்கிறது! வேறு சரக்கு போலிருக்கிறது. இப்போது சுவரில் ஒரு விளக்கு இடப்பக்கமும் இன்னொன்று வலப்பக்கமும் ஏறி, நாமம் போட்ட மாதிரி நின்றது. மாமா சிரித்து முடிக்க நேரமானது.

இனி பேச்சில் காரியம் ஆகாது என்று எழுத்தில் போனேன். தென்னாப்பிரிக்காவில் 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2011 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 55ஆம் பிரிவு, பொருள் அதன் பயனுக்குத் தகுந்ததாக, நல்ல தரத்தில், நியாயமான காலம் உழைக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது. 56ஆம் பிரிவுதான் நமக்கு ஆயுதம். வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம், அதற்கான செலவு விற்றவருடையது, அபராதம் பிடிக்கக்கூடாது. பழுது பார்ப்பதா, மாற்றுவதா, பணமா என்று தேர்ந்தெடுப்பது வாங்கியவர். பழுது பார்த்த பிறகு மூன்று மாதத்துக்குள் அதே குறை திரும்பினால் மாற்றவோ பணத்தைத் தரவோ வேண்டும். இந்தப் பொறுப்பு கடைக்காரர், விநியோகஸ்தர், இறக்குமதியாளர், தயாரிப்பாளர் எல்லோருக்கும் உண்டு. இந்த உரிமையைப் பறிக்கும்படி பில்லில் என்ன அச்சடித்தாலும் 51ஆம் பிரிவின் முன் அது செல்லாது. விதிவிலக்கும் இருக்கிறது: நாம் பொருளை அறிவுறுத்தலுக்கு மாறாக மாற்றியிருந்தால் அந்த அளவுக்கு அவர்கள் தப்பிக்கலாம். காதை ராவியிருந்தால், 100 வாட் பல்பைப் போட்டிருந்தால், கடிதம் எழுதவே நாக்கூசியிருக்கும்.

கடிதத்தில் வசவு எதுவும் இல்லை. பில் நகல், லென்ஸ் எழுத்தின் படம், சுவர்ப் படங்கள், தண்ணீர்ப் படம், 56ஆம் பிரிவு, பணம்தான் வேண்டும் என்ற ஒரு வரி. தீராவிட்டால் மோட்டார் தொழில் குறைதீர்ப்பாளரிடம் போவேன் என்று கடைசியில் ஒரு வரி. மேலாளர் கூப்பிட்டார். கையாளும் கட்டணம் என்று ஒரு தொகையைக் கழிக்கப் பார்த்தார், அபராதம் கூடாது என்ற வரியைக் காட்டியதும் விட்டுவிட்டார். முழுப் பணமும் கார்டுக்குத் திரும்பியது. மனிதர் கெட்டவர் இல்லை. அவருக்கே இறக்குமதியாளர் வாரன்டி கொடுப்பதில்லையாம். அது அவர்கள் இருவருக்கும் நடுவில் உள்ள வழக்கு.

அடுத்த ஜோடியை வேறு கடையில் வாங்கினேன், விலை முன்னதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல், ஆனாலும் டீலர் விலைக்குக் கீழே. கவுன்டரிலேயே பெட்டியைப் பிரிக்க விட்டார்கள். ஈ, எண், ஒப்புதல் எண், எச்சிஆர், பிஎல், சரியான பக்கம் பார்க்கும் அம்பு, எல்லாம் இருந்தன. பொருத்திச் சுவரில் அடித்துப் பார்த்து, குறை இருந்தால் திருப்பித் தரலாமா என்று கேட்டு, சரி என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொண்டேன். ஆன்லைனில் வாங்கியிருந்தால் இன்னொரு வசதி: மின்னணு வணிகச் சட்டப்படி, பொருள் வந்த ஏழு நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம், திருப்பி அனுப்பும் செலவு மட்டும் நம்முடையது.

காதுகள் எல்லாம் ஓட்டையில் சேர்ந்தன. இடப்பக்கம் ஃபெண்டரோடு இடைவெளி கொஞ்சம் அதிகம், உற்றுப் பார்த்தால்தான் தெரியும். வெட்டுக்கோடு கத்தி மாதிரி விழுகிறது. சட்டப்படி டிம்மில் 45 மீட்டர், பிரைட்டில் 100 மீட்டர் தூரத்தில் ஆள் தெரிய வேண்டும். மாமாவை இருட்டில் கறுப்புச் சட்டையோடு நிற்க வைத்துப் பார்த்தோம், தெரிந்தார். மழைக்குப் பிறகு ஒரு மூலையில் பனி படிந்து, விளக்கு போட்டதும் போய்விட்டது. வலப்பக்க விளக்கின் சரிசெய்யும் ஸ்குரூ மட்டும் இறுக்கமாகத் திரும்புகிறது, உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம் என்பதால் அதிகம் தொடாமல் வைத்திருக்கிறேன். ஆறு மாதம் முடிவதற்கு ஒரு வாரம் முன்பு மறுபடியும் சுவர்ச் சோதனை செய்ய மொபைலில் நினைவூட்டல் போட்டாயிற்று. இங்கே சொந்த வண்டிக்கு ஆண்டுதோறும் ரோட்வொர்த்தி என்ற சாலைத் தகுதிச் சோதனை கிடையாது, வண்டி கை மாறும்போதுதான். நாமே பார்க்காவிட்டால் யாரும் பார்க்கப்போவதில்லை.

அடுத்த வேலை, விளக்கு பிளக்கில் 13.2 வோல்ட்டாகக் குறைந்து வந்த அந்த இழப்பைச் சரிசெய்வது. பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு நேரே தடித்த ஒயர் இழுத்து, டிம்முக்கு ஒரு ரிலே, பிரைட்டுக்கு ஒரு ரிலே. ரிலே என்பது சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச். பழைய பிளக்கை வெட்டாமல், அதிலேயே சொருகும்படி செய்யப் போகிறேன். ரிலேயும் 2.5 சதுர மி.மீ. ஒயரும் வாங்கியாயிற்று, வெப்பம் தாங்கும் எச்4 சாக்கெட் இன்னும் கிடைக்கவில்லை. டிசம்பர் விடுமுறைக்குப் போர்ட் ஷெப்ஸ்டன் கிளம்புவதற்குள் முடித்துவிட்டு, புது வோல்ட் கணக்கோடு எழுதுகிறேன்.