இதே நாளில், ராயபுரத்தில்

செப்டம்பர் 16

படிப்பகத்து வாசல் பலகையில் 'இதே நாளில்' எழுதும் வேலை இனி என்னுடையது. முன்பு எழுதியவர் தினசரி காலண்டரில் இருப்பதைப் பார்த்து அப்படியே எழுதிவிடுவார். எந்த நாட்டுக்கோ விடுதலை, எங்கோ ஒரு விஞ்ஞானி பிறந்தார். தப்பில்லை, ஆனால் பேப்பர் படிக்க வருகிறவர்கள் யாரும் அதன் முன்னால் நின்று நான் பார்த்ததில்லை. வடசென்னையையும் அதன் ஓரத்தையும் தொட்ட சங்கதி மட்டும் எழுதப் போகிறேன். கிடைக்காத நாளில் திருக்குறள்.

செப்டம்பர் 17

சுலபமான நாள். பெரியார் பிறந்தது 1879. ஈரோட்டுக்காரர்தான், ஆனாலும் இங்கே யார் கேட்கப் போகிறார்கள்? 1949-இல் பவளக்காரத் தெருவில் தி.மு.க. தொடங்கியதும் இதே தேதி.

சாயங்காலம் காசிமேட்டுப் பெரியவர் ஒருவர் பலகையைப் படித்துவிட்டு, "இன்னா தம்பி, மழைல நடந்த கூட்டத்த வுட்டுட்டியே" என்றார். "அது நாளைக்குங்க ஐயா" என்றேன்.

செப்டம்பர் 18

ராயபுரம் ராபின்சன் பூங்காவில் தி.மு.க.வின் முதல் பொதுக்கூட்டம், 1949. கொட்டுகிற மழையில் நடந்தது. கட்சியின் பிறந்த நாள் 17 என்றே எல்லாப் புத்தகமும் சொல்லும். பலகைக்காரன் என்ற முறையில் எனக்கு 18-தான் பெரிது. 17-இல் நடந்தது ஒரு கட்டடத்துக்குள். 18-இல் நனைந்தவர்கள் இந்த ஊர்க்காரர்கள்.

செப்டம்பர் 19

திருக்குறள்.

செப்டம்பர் 20

இன்றும் ஒன்றும் கிடைக்கவில்லை. ராயபுரம் ஸ்டேஷனைப் பற்றி எழுதேன் என்கிறார்கள். அதற்கு ஜூன் வரை காத்திருக்க வேண்டும். அதிலும் இரண்டு தேதி. 1856 ஜூன் 28-இல் கவர்னர் ஹாரிஸ் பிரபு திறந்து வைத்தார். வாலாஜா ரோடு வரைக்கும் ரயில் ஓடத் தொடங்கியது ஜூலை 1. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை அது. நான் ஜூலை 1-ஐத்தான் எடுப்பேன். ரிப்பன் வெட்டியதெல்லாம் சரித்திரத்தில் எவ்வளவோ இருக்கிறது.

செப்டம்பர் 21

இன்றைக்குப் பலகை போதவில்லை. 1746-இல் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லா பூர்தொனே புனித ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தார். ஆங்கிலேயர் குறிப்புகளில் அது செப்டம்பர் 10, பிரெஞ்சுக்காரர்களுக்கு 21. அப்போது இரண்டு பேரும் வெவ்வேறு காலண்டர் வைத்திருந்தார்கள். வித்தியாசம் 11 நாள். 1752-இல்தான் ஆங்கிலேயர் காலண்டரை மாற்றினார்கள், அந்த வருஷம் அவர்களுக்கு செப்டம்பர் 2-க்கு மறுநாள் 14! அந்த மாதச் சம்பளத்தை எப்படிக் கணக்குப் போட்டார்களோ.

ஆனால் நம்மாட்களுக்கு விடிந்தது வேறு. கோட்டையின் வடக்குச் சுவரை ஒட்டி, இன்றைய ஹைகோர்ட் இருக்கும் இடத்தில்தான் நம்மவர்கள் குடியிருந்த பழைய கருப்பர் நகரம் இருந்தது. அதில் ஒரு பகுதியைப் பிரெஞ்சுக்காரர்கள் இடித்தார்கள். 1749-இல் ஊரைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர், பீரங்கி சுட வெட்டவெளி வேண்டும் என்று மிச்சத்தையும் தரைமட்டமாக்கினார்கள். ஜனங்கள் இன்னும் வடக்கே நகர்ந்தார்கள். முத்தியால்பேட்டையும் பெத்தநாயக்கன்பேட்டையும் சேர்ந்து புதிய கருப்பர் நகரமானது அப்படித்தான். 'இந்த எல்லைக்குள் வீடு கட்டாதே' என்று நட்ட தூண்களில் ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் ஓரமாக இன்னும் நிற்கிறது. பஸ்ஸுக்கு ஓடுகிற யாரும் அதைப் பார்ப்பதில்லை.

பலகையில் இரண்டு தேதியையும் போட்டேன். "எது சரி?" என்று மூன்று பையன்கள் சண்டை. இரண்டும்தான் என்றால் நம்பமாட்டேன் என்கிறார்கள்.

செப்டம்பர் 22

இன்றைக்குத் தேடவே வேண்டாம். 1914, இரவு ஒன்பதரை மணி வாக்கில் எம்டன் குண்டு போட்டது. ஜெர்மன் கப்பல், கேப்டன் ஃபான் முல்லர். துறைமுகத்தில் இருந்த பர்மா ஆயில் கம்பெனி எண்ணெய்த் தொட்டிகள் பற்றிக்கொண்டன. சுமார் 130 குண்டுகள். கரையிலிருந்து திருப்பிச் சுட்டதில் கப்பலுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஹைகோர்ட் சுவரில் ஒரு கல்வெட்டு இருப்பதால் பல பேருக்கு அது ஹைகோர்ட்டோடு முடிந்துபோன கதை. அடி வாங்கியது துறைமுகம்.

செப்டம்பர் 23

எம்டனை அழிக்கவில்லை, இன்னும் ஒரு நாள் இருக்கட்டும். குண்டு விழுந்தது ஒரு ராத்திரி, ஊர் காலியானது அடுத்தடுத்த நாட்களில். திரும்ப வருமோ என்ற பயம் நவம்பர் 9 வரை, கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அதை முடிக்கிற வரை, இருந்திருக்கும்.

காசிமேட்டுப் பெரியவர் மறுபடி வந்தார். "எங்களுக்கு ஒரே தேதிதான் தம்பி. டிசம்பர் இருபத்தாறு" என்றார். 2004, ஞாயிற்றுக்கிழமை. அதற்கு ஒரு வரிக்கு மேல் எழுத வேண்டாம் என்று இப்போதே நினைத்துக்கொண்டேன்.

அப்புறம், ஏப்ரல் 27-க்கு ஒருவர் முன்பதிவு செய்திருக்கிறார். பின்னி மில்லில் வேலை பார்த்த குடும்பம். 1918-இல் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கிய நாள் அது. வாடியா, திரு.வி.க. பெயரோடு செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு பெயரும் கட்டாயம் வேண்டுமாம். போடுகிறேன் என்றேன்.

அக்டோபர் 2-தான் சிக்கல். 1955-இல் பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையை நேரு திறந்து வைத்தது அன்றுதான். காந்தியைப் போட்டதுபோக மிஞ்சுகிற இடத்தில் பெரம்பூர் அடங்குமா பார்க்க வேண்டும்.