நிலாவெளி மணலுக்கும் தம்பலகாமம் சேற்றுக்கும் ஒரே டயர்

போன ஆடி மாதம் ஒரு இரவு, கும்புறுப்பிட்டிப் பக்கத்து மாட்டுப்பட்டி ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. கன்று குறுக்கே கிடக்கிறது, பசு களைத்துவிட்டது, உடனே வாருங்கள் என்றார் பட்டிக்கார ஐயா. பட்டி கடற்கரையை ஒட்டி இருக்கிறது. புல்மோட்டை வீதியிலிருந்து இறங்கினால் ஒன்றரைக் கிலோமீற்றர் வெறும் மணல். என் சுசுகி ஜிம்னி ஜீப் அதில் முந்நூறு மீற்றர்கூடப் போகவில்லை. நான்கு சக்கரமும் இழுக்கும் கியரில் போட்டுத்தான் போனேன். நான்கும் தங்களுக்குத் தாங்களே குழி தோண்டி, அச்சு மணலில் முட்டும்வரை இறங்கிவிட்டன. கயிறும் பையுமாக மிச்சத் தூரத்தை நடந்தேன். பசு பிழைத்தது, கன்று பிழைக்கவில்லை. அரை மணித்தியாலம் முன்னால் போயிருந்தால் பிழைத்திருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஐயாவும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, தேநீர் தந்துதான் அனுப்பினார். ஆனால் அன்றிரவு நித்திரை வரவில்லை.

நான் கால்நடை வைத்தியர். திருகோணமலை நகரில் வீடு. வேலை நிலாவெளி, குச்சவெளி, தம்பலகாமம், கிண்ணியா, மூதூர் என்று சுற்றிச் சுற்றி வரும். வைகாசி முதல் புரட்டாதி வரை பாதி அழைப்புகள் கடற்கரை மணலில். மாரி தொடங்கி வட்டைகளில் பெரும்போகம் விதைத்துவிட்டால் மாடுகளைக் காட்டோரம் கொண்டுபோய்விடுவார்கள், அப்போது களிமண் சேறு. இரண்டுக்கும் நடுவே தார் வீதி. உண்மையில் ஓட்டத்தில் முக்கால்வாசி தார் வீதிதான். டயர் வாங்கும்போது நாம் மறந்துவிடுவது இதைத்தான்.

ஜீப்பை வாங்கும்போதே பெரிய டயர்கள் அதில் இருந்தன. 235/75ஆர்15 அளவில் (அகலம் 235 மில்லிமீற்றர், பக்கச் சுவரின் உயரம் அதில் 75 வீதம், ரிம் 15 அங்குலம்), கட்டை கட்டையான பற்களோடு சேற்றுக்கென்று செய்த மட் டயர். அகலமான எட்டு அங்குல அலோய் ரிம். முதல் சொந்தக்காரர் ஆசையாகப் போட்டது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது, எனக்கும் பிடித்தது. கம்பனி இந்த 1300 சிசி ஜிம்னிக்குக் கொடுத்த அளவு 205/70ஆர்15. கணக்குப் போட்டுப் பார்த்தால் அதன் விட்டம் 668 மில்லிமீற்றர். 235/75 என்றால் 733. கிட்டத்தட்டப் பத்து வீதம் பெரிது. மீற்றர் 60 காட்டும்போது ஜீப் 66-இல் ஓடுகிறது. பத்து வீதம் பெரிய சக்கரத்தைச் சுழற்ற அந்தச் சின்ன எஞ்சின் திணறுகிறது, ஐந்தாம் கியர் பேருக்குத்தான் இருந்தது. ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்தால் டயர் உள்ளே உரசும். பெரிய சக்கரத்தால் தரையிலிருந்து கிடைக்கும் கூடுதல் உயரம் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? விட்ட வித்தியாசத்தில் பாதி, 33 மில்லிமீற்றர் கூட வராது. ஒன்றேகால் அங்குலம்.

அந்த மட் டயர் மணலில் ஏன் தோற்றது என்பதை எனக்கு விளங்கப்படுத்தியவர் கிண்ணியாவில் டயர் கடை வைத்திருக்கும் ஒரு நானா. கடைக்கு முன்னால் இருந்த மணலில் கையை விரித்து வைத்து அழுத்தினார். பிறகு விரல்களை மடக்கிச் சுரண்டினார். "தங்கச்சி, ஒங்கட டயர் இந்தச் சுரண்டுற வேலையத்தான் செய்யுது. மணல்ல மிதக்கணும், தோண்டக் கூடாது" என்றார். சேற்றில் அந்தப் பற்கள் களியைக் கவ்வி வெளியே வீசும், அங்கே அது நல்ல குணம். உலர்ந்த மணலில் அதே பற்கள் மண்வெட்டியாகிவிடுகின்றன.

அதைவிடப் பெரிய பிழை என்னுடையது. நான் காற்றைக் குறைக்காமல் இறங்கியிருந்தேன். 30 பிஎஸ்ஐ இருந்தது. டயர் பந்துபோல இறுகி நின்றால் தரையில் படுவது உள்ளங்கை அளவுதான். காற்றை 16-க்கு இறக்கினால் டயர் கீழே தட்டையாகி, தரையில் படும் தடம் நீண்டுவிடும். அகலத்தைவிட நீளம்தான் அதிகம் கூடுகிறது, மணலில் தூக்கிப் பிடிப்பதும் அந்த நீளம்தான். இதைப் படித்த வாரமே சல்லிக் கடற்கரைப் பக்கம் போய்ச் சோதித்தேன். அதே பெரிய டயர், அதே ஜீப். 30-இல் புதைந்த இடத்தில் 16-இல் மெதுவாக ஏறி வந்தது. அப்படியென்றால் டயரை மாற்றவே தேவையில்லையே என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன்.

தேவை இருந்தது, காரணம் ரிம். அகலமான அந்த ரிம்மில் சக்கரம் வெகுதூரம் வெளியே தள்ளி நின்றது. சக்கரம் எவ்வளவு வெளியே நிற்கிறதோ அவ்வளவுக்கு நெம்புகோல்போல முன் அச்சின் பெயரிங்குகளைத் தின்னும். என் ஜீப்பில் முன் சக்கரம் திரும்பும் கிங்பின் பெயரிங் இரண்டு பக்கமும் ஆட்டம் கண்டிருந்தது. 70-இல் ஒரு குழியில் விழுந்தால் ஸ்டியரிங் கையில் நடுங்கும். கந்தளாய் வீதியில் இரவில் யானை நிற்கும் இடங்களில் அப்படி நடுங்கும் ஸ்டியரிங்கோடு போக எனக்குத் துணிவில்லை. இன்னொன்று, மட் டயரில் மழை ஈரத் தாரில் பிரேக் போட்டால் ஜீப் நினைத்த இடத்தில் நிற்காது. பற்களுக்கு நடுவே இடைவெளி அதிகம், தாரில் ஒட்டும் ரப்பர் குறைவு.

சரி, எதைப் போடுவது? முதலில் ரிம்மை முடிவு செய்தேன், அதுதான் சரியான வரிசை என்று இப்போதும் நினைக்கிறேன். ஜிம்னிக்கு ஐந்து நட்டு, அவை நிற்கும் வட்டத்தின் விட்டம் 139.7 மில்லிமீற்றர், நடுத் துளை 108. பழைய சுசுகி விட்டாராவுக்கும் இதே அளவுதான். அதனால் பழைய சாமான் கடைகளில் தேடினால் விட்டாராவின் இரும்பு ரிம் கிடைக்கும். டொயோட்டா கேடிஎச் வானின் ரிம்முக்கும் வட்டம் 139.7 என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. அதற்கு ஆறு நட்டு.

வாங்கும் முன் ரிம்மைக் கவிழ்த்துப் போட்டு, பின்விளிம்பின் மேல் ஒரு நேர்ச் சட்டத்தை வைத்து, அங்கிருந்து நட்டுப் பிடிக்கும் முகம்வரை அளந்தேன். கம்பனி கொடுத்த ரிம்மில் உள்ள அளவே இதிலும் வர வேண்டும், அப்போதுதான் சக்கரம் கம்பனி வைத்த இடத்தில் நிற்கும். என்னுடைய அந்த அலோயை அளந்தபோது பெரிய வித்தியாசம் தெரிந்தது. ஏழு ரிம்மில் தேடி ஐந்தை எடுத்தேன். மற்ற இரண்டும் சுற்றிப் பார்த்தபோது நெளிந்திருந்தன.

இரும்பா அலோயா என்று கேட்டால், இந்த வேலைக்கு இரும்பு. கல்லில் அடிபட்டால் இரும்பு நெளியும், மூதூரில் எந்தக் கராஜிலும் சுத்தியலால் தட்டி எடுத்துக்கொண்டு வீடு வரலாம். அலோய் வெடித்தால் காட்டுக்குள் ஒன்றும் செய்ய முடியாது. தார் வீதி மட்டும் ஓடுபவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

டயருக்கு நான் எடுத்த அளவு 195/80ஆர்15. விட்டம் 693 மில்லிமீற்றர். பழைய கம்பனி அளவைவிட 25 மில்லிமீற்றர் பெரிது, ஆனால் ஒல்லி. 2018-இல் வந்த புதிய ஜிம்னிக்கு சுசுகி தானே கொடுத்த அளவும் இதுதான். ஜீப்பை உயர்த்தாமல், எங்கும் உரசாமல் பொருந்துகிறது. மீற்றர் 60 காட்டினால் 62 சொச்சம் ஓடுகிறது, அது பெரிய விஷயமில்லை. ஒல்லி டயர் எதற்கு என்று பலர் கேட்டார்கள். தம்பலகாமத்து வயற்பாதைகளில் மேலே ஒரு சாண் களி, அடியில் இறுகிய நிலம். அகல டயர் அந்தக் களியின் மேல் வழுக்கி நீந்தும். ஒல்லி டயர் களியை வெட்டிக்கொண்டு அடி நிலத்தைத் தொடும். மணலில் அகலம் உதவும் என்பது உண்மைதான், ஆனால் அங்கே காற்றைக் குறைத்து ஈடுகட்டலாம். சேற்றில் அகலத்தைக் குறைக்க ஒரு வழியும் இல்லை.

இந்த அளவில் கடைக்காரர்கள் உடனே எடுத்துக் காட்டுவது வான் டயர். கேடிஎச்சுக்கும் 195/80ஆர்15 அளவு என்பதால் எந்த ஊர்க் கடையிலும் அடுக்கி வைத்திருப்பார்கள், விலையும் குறைவு. நகரத்தில் ஒரு கடையில் அதைத்தான் என் தலையில் கட்டப் பார்த்தார்கள். டயர் பக்கச் சுவரில் அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். வான் டயரில் 107 இருக்கும். ஒரு டயர் 975 கிலோ தாங்கும் என்று அர்த்தம். ஜிம்னிக்குரிய டயரில் 96, அதாவது 710 கிலோ. என் ஜீப் ஒரு தொன்னுக்குச் சற்றுக் கூட, ஒரு சக்கரத்தில் விழுவது ஏறக்குறைய 300 கிலோ. 975 கிலோவுக்குச் செய்த டயரின் சுவர் அந்த எடைக்கு வளையவே வளையாது. காற்றைக் குறைத்தாலும் தடம் நீளாது, கிறவல் வீதியில் எலும்பெல்லாம் குலுங்கும். கிண்ணியா நானாவிடம் இதைக் கேட்டபோது, விற்றால் அவருக்கு லாபம் என்றிருந்தும், "அது ஒங்கட ஜீப்புக்கு இல்ல தங்கச்சி, ஆள் ஏத்துற வண்டிக்கு" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே ஐந்து டயரும் அவரிடம் வாங்கினேன். 2009-இல் 396 மீற்றர் பாலம் திறக்கும்வரை கிண்ணியாவுக்குப் பாதையில், அதாவது மிதவைப் படகில், ஏற்றித்தான் வாகனம் கடக்க வேண்டியிருந்தது. அந்தக் காலமாக இருந்தால் டயர் வாங்க அங்கே போயிருப்பேனோ தெரியாது.

வகை என்று பார்த்தால் எல்லா நிலத்துக்கும் பொதுவான ஆல்-டெரெய்ன், சுருக்கமாக ஏடி. யோகோஹாமா ஜியோலாண்டர் ஏடி இந்த அளவில் வருகிறது, அதைத்தான் போட்டேன். மட் டயர் அளவுக்குச் சேற்றில் இழுக்காது. மார்கழியில் முதலிக்குளம் பக்கம் ஒரு தடவை உழவு மிசின் வைத்து இழுத்தே என்னை வெளியே எடுத்தார்கள். ஆனால் வருடத்தில் அப்படி இரண்டு மூன்று நாள். மற்ற நாளெல்லாம் ஓடுவது தாரும் கிறவலும் மணலும். அந்த மூன்றிலும் இது நன்றாக இருக்கிறது.

டயரில் பிறந்த திகதியையும் பார்க்க வேண்டும். பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பல் தேயாமல் பளபளப்பாக இருந்தாலும் ரப்பர் வயதாகி இறுகும், எங்கள் ஊர் வெயிலில் இன்னும் வேகமாக. வேறொரு இடத்தில் புதியது என்று காட்டிய டயரில் ஐந்து வருடத்துக்கு முந்திய இலக்கம் இருந்தது. நான் அதைச் சுட்டிக் காட்டியதும் துணியால் மூடிவிட்டார்கள். கேட்கத் தயங்காதீர்கள், முக்கியமாகப் பெண்கள்.

ஐந்தாவது டயரும் அதே அளவு, அதே வகை. இந்த ஜீப்பில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் வேகத்தைப் பகிர்ந்துகொடுக்கும் கருவி இல்லை. நான்கு சக்கரமும் இழுக்கும்போது சுற்றளவு வித்தியாசமாக இருந்தால் கியர்ப்பெட்டி அதைத் தாங்க வேண்டி வரும். அதனால் ஐந்தையும் சுழற்சியில் மாற்றிப் போடுகிறேன், ஒன்றாகவே தேயட்டும்.

டியூப் போடவில்லை. காற்றைக் குறைத்து ஓடும்போது டயர் ரிம்மில் கொஞ்சம் நழுவினால் டியூபின் வால்வு பிய்ந்துவிடும். குச்சவெளிக் காட்டில் விடத்தல் முள் ஏறினாலும் டியூப் இல்லாத டயரில் காற்று மெதுவாகத்தான் இறங்கும். திரி செருகி அடைத்துக்கொண்டு வரலாம். ஆனால் முள் பக்கச் சுவரில் ஏறினால் திரி உதவாது, மாற்று டயர்தான்.

இப்போது காற்றுக்கு என் கணக்கு இது. தாரில், கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ளபடி முன்னுக்கு 23, பின்னுக்கு 26. கிறவலில் 20. மணலில் 15, அதற்குக் கீழே அவசரம் என்றால் மட்டும் 12. இன்னும் கீழே போனால் திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். 15-இல் இருக்கும்போது முப்பதுக்கு மேல் ஓட்டுவதில்லை, தாருக்கு ஏறும் முன் கட்டாயம் காற்றடிப்பேன். குறைந்த காற்றோடு வேகமாக ஓடினால் சுவர் சூடேறி டயர் வெடிக்கும். பற்றரியில் ஓடும் சின்னக் காற்றடிக்கும் மிசின் ஒன்று பின் இருக்கைக்குக் கீழே எப்போதும் கிடக்கிறது. ஒரு டயருக்கு மூன்று நான்கு நிமிடம். பட்டிக்குப் போகும் அவசரத்தில் அந்த நிமிடங்கள் நீளமாகத் தெரியும், ஆனால் நடந்து போவதைவிடக் குறைவு.

பங்குனியில் அதே கும்புறுப்பிட்டிப் பட்டிக்கு மறுபடி போனேன், அதே மணலால், பகலில். வீதியோரத்தில் நின்று காற்றைக் குறைத்துவிட்டு இரண்டாம் கியரில் நிறுத்தாமல் போய், பட்டி வேலிக்குப் பக்கத்தில் இறங்கினேன். ஐயா ஜீப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "டொக்டர் பிள்ளை, சில்லு சின்னதாய்ப் போச்சே" என்றார்.

கடல் காற்றுதான் இப்போது தொந்தரவு. இரும்பு ரிம்மில் டயர் பொருந்தும் விளிம்பு துருப்பிடித்து, பின் இடது சக்கரத்தில் வாரத்துக்கு 3 பிஎஸ்ஐ இறங்குகிறது. வருகிற ஞாயிறு கிண்ணியாவுக்குக் கொண்டுபோய் டயரைக் கழற்றி, விளிம்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பெயின்ற் அடிக்க வேண்டும். மற்ற நான்கையும் அதோடு பார்த்துவிடலாம் என்று நானாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.