செம்பனை வரிசைக்கு ஒரு 20 போர்: மேல்-கீழ் இரட்டைக்குழலோடு இதுவரை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகிறவரிடம் "என்ன போர்?" என்று யாரும் கேட்பதில்லை. போர் என்பது துப்பாக்கிக்குழலின் விட்ட அளவு, அது 12 போர்தான் என்பது தெரிந்த விஷயம். ஒற்றைக்குழலா, இரு குழல்கள் அருகருகே உள்ள பக்கக்குழலா, முன்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றும் பம்பா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். நான் 20 போர் மேல்-கீழ் இரட்டைக்குழலுக்கு உரிமம் கேட்டு மனுப்போடப் போகிறேன் என்றதும் மாமா, "புறாவுக்குப் போதும் மாப்பிள்ளை, பன்றிக்குப் போதாது" என்றார். அவர் சொன்னதில் எவ்வளவு சரி, எவ்வளவு பழக்கம் என்று காகிதத்தில் சுட்டுப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

போர் கணக்கு புதியவர்களைக் குழப்பும். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டையின் விட்டமே 12 போர் குழலின் விட்டம். அது சுமார் 18.5 மில்லிமீட்டர். எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும். 16 போர் 16.8, 20 போர் 15.6, 28 போர் ஏறக்குறைய 14 மில்லிமீட்டர். 410 மட்டும் இந்தக் கணக்கில் சேராது, அது அங்குல அளவு.

முதலில் என் மனம் போனது 16 போரின் பக்கம். ஈப்போவில் ஒரு கடையில் ஐரோப்பாவில் செய்த பழைய 16 ஒன்று இருந்தது. தோளுக்கு எடுத்ததும் கண்ணும் குழலும் ஒரே கோட்டில் வந்து நின்றன. ஆனால் பழைய 16 போர்களில் பலவற்றுக்குத் தோட்டா அறை 65 மில்லிமீட்டர்தான். இன்றைய தோட்டா 70. குறுகிய அறையில் நீளமான தோட்டா நுழைந்துவிடும், அதுதான் ஆபத்து. சுடும்போது தோட்டாவின் வாய் மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். அறையை அளந்து உறுதி செய்யாமல் பழைய 16-ஐத் தொடவே கூடாது. அதைவிடப் பெரிய தடை, கடையின் அலமாரியில் 16 போர் தோட்டாவே இல்லை. அமெரிக்காவில் ஸ்கீட் எனும் களிமண் தட்டு சுடும் போட்டிகள் 12, 20, 28, 410 என்று பிரிந்தபோது 16-க்கு இடம் கிடைக்கவில்லை. 20 போருக்கு மூன்று அங்குலத் தோட்டா வந்த பிறகு 16 இன்னும் ஒதுங்கிப் போனது. அருமையான அளவு. தோட்டா கிடைக்கும் நாட்டில் இருந்திருந்தால் அதைத்தான் வாங்கியிருப்பேன்.

28 போரைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. வழக்கமாக 21 கிராம் சிறு ரவை, அதாவது சிறிய குண்டுகள். பறவைக்கு அழகு, பன்றிக்கு இல்லை.

ஆக 20. எங்கள் கடைகளில் இதற்குச் சிறு ரவையும் கிடைக்கிறது, பன்றிக்கான பெரிய குண்டுகளான பெரு ரவையும் கிடைக்கிறது. வாங்கியது இத்தாலியில் செய்தது, ஒருவர் பயன்படுத்தி விற்றது. ஆயுதச் சட்டம் 1960-இன் கீழ் போலீஸ் உரிமமும், 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பெர்ஹிலித்தான் எனும் வனவிலங்குத் துறையின் வேட்டை உரிமமும் தனித்தனி. ஒன்று இருந்தால் மற்றது தேவையில்லை என்று நினைக்கும் இளைஞர்களை இன்னும் பார்க்கிறேன். அவர்களுக்காக நான் உண்மையிலேயே பயப்படுகிறேன்.

வாங்கும் முன் இரண்டு விஷயங்களைப் பார்த்தேன். ஒன்று உடற்பகுதி, அதாவது குழலைத் தாங்கும் இரும்புப் பகுதி. சில தயாரிப்பாளர்கள் 12 போர் உடலிலேயே 20 போர் குழலைப் பொருத்திவிடுவார்கள். எடை குறையாது, சிறிய போர் வாங்கிய பயனே போய்விடும். என்னுடையது அதற்கென்றே செய்த சிறிய உடல், மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு. வெட்டிப் போட்ட செம்பனை மட்டை அடுக்குகளைத் தாண்டித் தாண்டி நடந்தால் அந்த வித்தியாசம் தோளுக்குத் தெரியும். ஆனால் எடை குறைந்தால் உதை கூடும். 28 கிராம் தோட்டாவை இதில் போட்டால் மாமாவின் 12-ஐவிடக் கடுமையாகவே இடிக்கிறது.

இரண்டாவது விசை. ஒற்றை விசையுள்ள மேல்-கீழ் குழல்களில் இரு வகை உண்டு. ஒரு வகையில், முதல் வெடியின் உதைதான் விசையை இரண்டாம் குழலுக்கு மாற்றும். முதல் தோட்டா வெடிக்காமல் போனால் இரண்டாவதும் வேலை செய்யாது. மெல்லிய தோட்டாவின் உதை போதாமல் போனாலும் அதே கதைதான். இன்னொரு வகை இயந்திர விசை, உதைக்காகக் காத்திருக்காது. கடையிலேயே போலித் தோட்டாக்களைப் போட்டு விசையை இரண்டு முறை இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். முதல் இழுப்புக்குப் பின் பிடிக்கட்டையின் அடியைக் கையால் தட்டினால்தான் இரண்டாம் குழலின் சுத்தியல் விழுகிறதென்றால் அது உதை விசை. என்னுடையது உதை விசை. 24 கிராம் தோட்டாவில் இதுவரை ஒரு முறையும் சறுக்கவில்லை. அதற்குக் கீழே போகமாட்டேன்.

மேல்-கீழ் ஏன்? பக்கக்குழலில் கண் அகன்ற ஒரு தட்டைப் பார்க்கிறது. இதில் ஒரே குழலைத்தான் பார்க்கிறது. இருண்ட செம்பனை நிழலில் அது பெரிய உதவி. கீழ்க்குழலை முதலில் சுட்டால் உதை நேராகத் தோளுக்கு வரும், குழல்வாய் அதிகம் எழும்பாது, இரண்டாம் வெடி சீக்கிரம் தயாராகும். இந்த அமைப்பைப் பரவலாக்கியது 1931-இல் விற்பனைக்கு வந்த பிரௌனிங் சூப்பர்போஸ்ட். அதை வடிவமைத்த ஜான் பிரௌனிங் 1926-இல் லியேஜில் இறந்துவிட, மகன் வால் அந்த வேலையை முடித்தார்.

இனி காகிதம். சுடுதளத்தில் பெரிய தாள்களை நிறுத்தி முதலில் சிறு ரவை: 40 கஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் எத்தனை விழுகிறது என்று எண்ணும் வழக்கமான சோதனை. சோக் என்பது குழல்வாயின் இறுக்கம். கால் சோக்குக்கு 55, அரை சோக்குக்கு 60 விழுக்காடு என்பது ஏட்டுக் கணக்கு. என் குழல்கள் அதற்கு அருகிலேயே நின்றன.

பெரு ரவைதான் பாடம் சொன்னது. தூரத்தை நான் மரத்தால் கணக்கிடுகிறேன். செம்பனை முக்கோண நடவில் மரத்துக்கு மரம் சுமார் 9 மீட்டர். வரிசையில் இரண்டாம் மரம் என்றால் 18, மூன்றாம் மரம் என்றால் 27. அந்த இரண்டு தூரத்திலும் தாள் வைத்தேன். 18 மீட்டரில் இரு குழல்களும் பன்றியின் முன்தோள் அளவுக்குள் ரவையை அடக்கின, இரண்டின் மையமும் ஒரே இடத்தில் விழுந்தது. மேல்-கீழ் குழலில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும், எல்லாத் துப்பாக்கியும் அப்படி இருக்காது. 27 மீட்டரில் கட்டு குலைந்தது. இறுக்கமான அரை சோக் அதைச் சேர்த்துப் பிடிக்கும் என்று எதிர்பார்த்தால், நான் வாங்கிய தோட்டாவில் அது கால் சோக்கைவிட மோசமாகச் சிதறியது. பெரிய ரவை இடுக்கில் நசுங்கி வழிமாறுகிறது என்பது என் கணிப்பு. அன்றே மேல்குழலுக்கும் கால் சோக்கை மாட்டிவிட்டேன்.

மாமாவின் பேச்சில் உள்ள உண்மை இங்கேதான் இருக்கிறது. 12 போரின் எஸ்.ஜி. எனும் பெரு ரவை 8.4 மில்லிமீட்டர், என் 20 போரின் பெரு ரவை 6.35. விட்டத்தில் சிறிய வித்தியாசம்போலத் தெரியும், ஆனால் ஒரு ரவையின் எடை பாதிக்கும் குறைவு. மூன்றாம் மரத்தில் நிற்கும் பன்றி 12 போர்காரருடையது. இரண்டாம் மரத்துக்குள் வந்தால்தான் என்னுடையது. காயம்பட்ட பன்றி மட்டை அடுக்குக்குள் புகுந்து கிடந்து சாவதைப் பார்த்தவர்கள் இந்த எல்லையை மீறமாட்டார்கள்.

தோட்டத்தில் இதுவரை: மறுநடவுப் பகுதியில் இளங்கன்றுகளின் குருத்தைத் தோண்டித் தின்ற ஓர் ஆண் பன்றி, காலை வெளிச்சத்தில், இரண்டாம் மரத்துக்கும் அருகில். கீழ்க்குழல், முன்தோளுக்குப் பின்னால், அங்கேயே விழுந்தது. இன்னொரு காலை அதைவிட நல்ல வாய்ப்பு வந்தது. ஆனால் பன்றிக்குப் பின்னால் குலை வெட்டுபவர்களின் பேச்சுச் சத்தம் கேட்டது. குழலை மடக்கித் தோட்டாக்களை எடுத்துவிட்டேன். மடக்கினால் இரு அறைகளும் வெறுமை என்பது தூரத்தில் நிற்பவருக்கும் தெரிகிறது. இந்த அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அதற்கு முந்தின நாளே மண்டோரிடம் (தோட்டத்து மேற்பார்வையாளர்) எந்த வரிசையில் வேலை என்று கேட்டுவிட்டுப் போவதும் வழக்கமாகிவிட்டது.

வீட்டில் 12-ம் 20-ம் சேர்ந்திருப்பதால் ஒரு கண்டிப்பு வைத்திருக்கிறோம். 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள் வழுக்கிப்போய் அறைக்குச் சற்று முன்னால் சிக்கிக்கொள்ளும். அறை காலியென்று நினைத்து 12 தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20-க்கு மஞ்சள் நிறம் வழக்கமானதே இதனால்தான். ஆனாலும் நிறத்தை நம்பாமல் தோட்டா வார்களையே பிரித்துவிட்டோம், என் வார் மாமாவின் அலமாரிக்குள் போவதில்லை.

துரு இன்னும் போராட்டம்தான். மாலை மழைக்குப் பிறகு இரு குழல்களுக்கும் நடுவிலுள்ள பட்டையின் ஓரத்தில் ஈரம் தங்கிவிடுகிறது. தோல் உறையை விட்டுவிட்டேன், எண்ணெய்த் துணியும் சிலிக்கா ஜெல்லும்தான். அடுத்து வேறொரு நிறுவனத்தின் பெரு ரவையை அதே 27 மீட்டர் தாளில் சுட்டுப் பார்க்க வேண்டும். ஈப்போ கடையில் சொல்லி வைத்திருக்கிறேன், வந்ததும் எண்ணிக்கையை எழுதுகிறேன்.