ஹோல்ட் பிரின்ட் எந்த ஃபோல்டரில் இருக்கிறது?

திருப்பூரில் ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சன்டைசர் வேலை என்றால் பாதிப் பொழுது துணியோடும் மீதிப் பொழுது மெயிலோடும் போகும். ஆர்டர் கொடுக்கும் பையர் எழுதுவது ஒன்றும் கஷ்டமான ஆங்கிலம் இல்லை. நாலைந்து சொல், பாதி நேரம் முற்றுப்புள்ளிகூட இருக்காது. கல்லூரி முடித்துப் புதிதாகச் சேரும் பிள்ளைகள் திணறுவது அந்த நாலைந்து சொல்லில்தான். நவுன், ப்ரோநவுன், வெர்ப் என்று பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச் எட்டையும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். இந்த மெயிலில் வெர்ப் எது என்று கேட்டால் முழிப்பார்கள்.

போன சீசனில் ஒரு குழந்தைகள் உடுப்பு ஆர்டருக்கு 'ஹோல்ட் பிரின்ட்ஸ் டில் கமென்ட்ஸ்' என்று ஒரு வரி வந்தது. ஜூனியர் பையன் ஆர்ட்வொர்க் ஃபோல்டரையெல்லாம் துழாவிவிட்டு வந்து நின்றான். "அண்ணா, ஃபாக்ஸ் பிரின்ட் இருக்குதுங்க, ஸ்டார் பிரின்ட் இருக்குதுங்க, ஹோல்ட் பிரின்ட்டை மட்டும் காணோமுங்க" என்றான். கமென்ட்ஸ் வரும்வரை பிரின்டிங்கை நிறுத்தி வையுங்கள் என்பதுதான் விஷயம்.

ஆபீஸே சிரித்தது. ஆனால் அவன் யோசித்த விதத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. ஃபாக்ஸ் ஒரு நவுன். அது பிரின்ட்டுக்கு முன்னால் வந்து நின்றதும் எந்த பிரின்ட் என்று சொல்லும் அட்ஜெக்டிவ் வேலையைப் பார்க்கிறது. அதே இடத்தில் ஹோல்ட் நின்றால் அதுவும் ஒரு பிரின்ட்டின் பெயர் என்று நினைக்கத் தோன்றும்தானே? இன்னொன்று, தமிழில் வினை கடைசியில் வரும். 'பிரின்ட்டை நிறுத்தி வை.' நம் கண் தானாக வாக்கியத்தின் கடைசியில்தான் வெர்ப்பைத் தேடும். ஆங்கிலத்தில் ஒரு வேலையைச் செய்யச் சொன்னால் வெர்ப் முதல் ஆளாக வந்துவிடும்.

பள்ளிக்கூடத்தில் டேபிள் நவுன், ரன் வெர்ப், பியூட்டிஃபுல் அட்ஜெக்டிவ் என்று ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்கள். தமிழுக்கு இது ஓரளவு சரிப்படும். அழகு, அழகான, அழகாக என்று வாலைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம். ஆங்கிலச் சொற்களில் நிறைய வாலில்லாதவை. எங்கள் மெயிலில் தினமும் புரளும் ஃபிட் என்ற சொல்லையே எடுங்கள். 'தி ஃபிட் இஸ் குட்' என்றால் நவுன். 'திஸ் சைஸ் டஸ் நாட் ஃபிட்' என்றால் வெர்ப். ஃபிட் சாம்பிள் என்றால் எந்த சாம்பிள் என்று விவரிக்கிறது. எழுத்தில் ஒரு மாற்றமும் இல்லை, நிற்கும் இடம்தான் வேறு.

ஃபாஸ்ட் இன்னும் வேடிக்கை. கலர் ஃபாஸ்ட் என்று லேப் ரிப்போர்ட்டில் இருந்தால் சாயம் போகாது என்று அர்த்தம், அட்ஜெக்டிவ். ஃபாஸ்ட்டாக அனுப்பு என்று ஷிப்மென்ட் பையனை விரட்டும்போது அது அட்வெர்ப். புரட்டாசி சனிக்கிழமை எங்கள் கட்டிங் மாஸ்டர் இருப்பதும் ஃபாஸ்ட்தான், அது நவுன்.

இந்த எட்டு என்ற கணக்கே ஆங்கிலத்துக்கு என்று போட்டதில்லை. அலெக்சாந்திரியாவில் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் இருந்த டயோனிசியஸ் திராக்ஸ் பெயரில் வழங்கும் கிரேக்க இலக்கணத்தில் எட்டு வகை இருக்கிறது. அதில் தி மாதிரியான ஆர்ட்டிகிளுக்குத் தனி இடம் உண்டு, அட்ஜெக்டிவுக்கு இல்லை, அது நவுனுக்குள் அடக்கம். லத்தீனில் ஆர்ட்டிகிளே கிடையாது. அதனால் ரோமானியர்கள் அதை எடுத்துவிட்டு இன்டர்ஜெக்ஷனைச் சேர்த்தார்கள், எண்ணிக்கை எட்டாகவே நின்றது. 1586இல் வில்லியம் புல்லோகர் ஆங்கிலத்துக்கு முதல் இலக்கணம் எழுதியபோதும் லத்தீன் அச்சில்தான் வார்த்தார். அட்ஜெக்டிவ் தனிக்குடித்தனம் போனதெல்லாம் பிற்பாடு. நாம் படித்த எட்டில் ஆர்ட்டிகிளுக்கு நாற்காலி இல்லாமல் அட்ஜெக்டிவுக்குள் ஒண்டிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இந்தப் பழைய கதைதான். எட்டாவதான இன்டர்ஜெக்ஷனுக்கு பையர் மெயிலில் ஒரு வேலையும் இல்லை. ஷிப்மென்ட் அன்று பேக்கிங் செக்ஷன் பக்கம் வந்தால் தாராளமாகக் கேட்கலாம்.

என்னைக் கேட்டால், ஆர்ட்டிகிளை இப்படி ஓரங்கட்டியதுதான் பெரிய அநியாயம். 'ஹோல்ட் தி பிரின்ட்ஸ்' என்று ஒரே ஒரு தி இருந்திருந்தால் அந்தப் பையன் ஃபோல்டரைத் திறந்திருக்கவே மாட்டான். தி வந்தால் ஒன்றிரண்டு சொல்லுக்குள் ஒரு நவுன் வந்தாக வேண்டும். ப்ளீஸ், வில், கேன் வந்தால் பின்னாலேயே வெர்ப் வரும்.

சார்ல்ஸ் ஃப்ரைஸ் என்ற அமெரிக்க மொழியியலாளர் ஏறக்குறைய இப்படித்தான் ஆங்கிலத்தைப் பிரித்தார். மிச்சிகனில் சுமார் 50 மணி நேரத் தொலைபேசிப் பேச்சைப் பதிவு செய்து அலசி, 1952இல் புத்தகம் போட்டார். நவுன், வெர்ப் என்ற பெயர்களையே ஒதுக்கிவிட்டு, 'தி ... வாஸ் குட்' மாதிரி ஃப்ரேம் போல ஒரு சட்டம் போட்டு, காலி இடத்தில் எது பொருந்துகிறதோ அது முதல் வகுப்பு என்றார். இப்படி நான்கு பெரிய வகுப்பு. தி, அண்ட், அட் மாதிரியான சின்னச் சொற்களுக்கு மட்டும் 15 குழு. படித்தபோது எனக்கு நம் இடைச்சொல்தான் நினைவுக்கு வந்தது.

எங்கள் ஜூனியர்களுக்கு நான் சொல்வதும் அந்தச் சட்டத்தைத்தான். சந்தேகம் வந்தால் விட்டுப்போன தி, ப்ளீஸ் எல்லாவற்றையும் திரும்பப் போட்டு மெயிலை ஒருமுறை வாசி. 'ப்ளீஸ் ஹோல்ட் தி பிரின்ட்ஸ்' என்று ஓடும். 'தி ஹோல்ட் பிரின்ட்ஸ் டில் கமென்ட்ஸ்' என்று போட்டால் வெர்ப் இல்லாமல் பாதியில் தொங்கும்.

வாலை நம்பிக் கெடுகிற இடங்களும் உண்டு. எல்ஒய் சேர்த்தால் அட்வெர்ப் என்று படித்ததை வைத்து, 'வி ஆர் வொர்க்கிங் ஹார்ட்லி' என்று பையருக்கு எழுதுவார்கள். ராத்திரி பகலாக உழைக்கிறோம் என்று சொல்லத்தான் நினைத்திருப்பார்கள். ஹார்ட்லி என்றால் அரிதாக, ஏறக்குறைய இல்லவே இல்லை. ஷிப்மென்ட் தள்ளிப்போயிருக்கும் நேரத்தில் பையர் அதைப் படித்தால் என்ன நினைப்பார்? ஹார்ட் என்பதே அட்வெர்ப்பும்தான். லேட், லேட்லி கதையும் இதுவே. ஃப்ரெண்ட்லி, காஸ்ட்லி இரண்டும் எல்ஒய்யில் முடிந்தும் அட்ஜெக்டிவ்.

அப்புறம் 'லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ.' மேனேஜர்கள்கூட விடாமல் எழுதும் கடைசி வரி. டு வந்தால் வெர்ப் வரும் என்ற பழக்கத்தில் வருவது. டு இரண்டு வேலை பார்க்கும். 'வி வான்ட் டு ஷிப்' என்னும்போது வெர்ப்புக்கு முன்னால் வருகிற டு. இங்கே இருப்பது ப்ரிபொசிஷன், அதன் பின்னால் நவுன் அல்லது ஐஎன்ஜி சேர்ந்த வெர்ப்தான் வரும். ஆஃப்டர் வாஷிங், பிஃபோர் பேக்கிங் என்று கேர் லேபிளிலும் பேக்கிங் குறிப்பிலும் சரியாகத்தானே எழுதுகிறோம்? சோதிக்க ஒரு வழி, டு பக்கத்தில் ஒரு நவுனை வைத்துப் பாருங்கள். 'லுக்கிங் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை' என்பது அப்படியே பொருந்துகிறது. 'வி வான்ட் டு யுவர் ரிப்ளை' பொருந்தவில்லை. ஆக முதலாவதில் ஹியரிங், இரண்டாவதில் ஷிப்.